போன மின்சாரம் திரும்பும் வழி: 1993 மாருதி 800-இல் ஒரு பழுது தேடல்

சோக் குமிழை (குளிர்ந்த என்ஜினைக் கிளப்பக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் குமிழ்) இழுத்தபோது அது அசையாமல் நின்றதிலிருந்து இந்த வேலை தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் இது மூன்றாவது சோக் கேபிள். கழற்றிப் பார்த்தபோது, வெளியுறையாகிய எஃகுச் சுருளின்மேல் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் இரண்டு இடங்களில் உருகி வழிந்து இறுகியிருந்தது. உள்ளே ஓடும் கம்பியோ தீயில் வாட்டிய கம்பியைப் போல நீலம் பாரித்திருந்தது. அந்தக் கேபிள் போகும் பாதையில் சைலன்சரோ வேறு சூடான பாகமோ கிடையாது. அப்படியானால் அது எந்தச் சூட்டில் உருகியது என்ற கேள்வி, காரின் மற்ற நான்கைந்து கோளாறுகளுக்கும் விடை காணும் இடத்திற்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கார் 1993-இல் பதிவானது. 796 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட என்ஜின், கார்புரேட்டர், பாயின்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனைகள்) வைத்த பற்றவைப்பு, நான்கு கியர். கணினி என்று சொல்லத்தக்க எதுவும் இதில் இல்லை. பழுது தேடுபவருக்கு அது பெரிய வசதி, ஏனெனில் ஒவ்வொரு ஒயரையும் கையால் தொட்டுப் பின்தொடர முடியும். தொடக்கம் முதலே தூத்துக்குடியில் ஓடுகிற கார் என்பதால், உப்புக் காற்று இதன் ஒவ்வொரு இணைப்பிலும் வேலை செய்திருந்தது. பதிவுச் சான்றைப் புதுப்பிக்க எஃப்.சி.க்கு (வாகனத் தகுதிச் சோதனைக்கு) கொண்டுபோக இரண்டு மாதம் இருந்த நிலையில், என் குறிப்பேட்டில் இருந்த குறைகள் இவை: காலையில் செல்ஃப் (என்ஜினைக் கிளப்பும் மோட்டார்) மிக மெதுவாகச் சுற்றுகிறது, பேட்டரி ஓராண்டுக்கு மேல் தாங்குவதில்லை, கிளட்ச் மிதி கனக்கிறது, ஹெட்லைட் மஞ்சளாக எரிகிறது, என்ஜின் சூடேறியபின் சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது, நெரிசலில் வெப்பமானி முள் ஏறுகிறது, பெட்ரோல் முள் உண்மையைக் காட்டுவதில்லை.

கருவியைக் கையில் எடுக்குமுன் பழைய பில்களைத் தேதிவாரியாக மேசையில் அடுக்கினேன். பழைய கார் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு பேட்டரிகள், செல்ஃப் மோட்டார் பழுதுபார்ப்பு ஒன்று, கிளட்ச் கேபிள் ஒன்று, சோக் கேபிள்கள், கார்புரேட்டர் சர்வீஸ் இரண்டு முறை. இவை அனைத்தும் ஒரே ஒரு பில்லுக்குப் பிந்தியவை. அந்தப் பில், கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்ச் தட்டு மாற்றிய வேலைக்கானது. அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் இந்தக் காரின் மின் அமைப்புக்காக பல்பு தவிர வேறு எதுவும் நான் வாங்கியிருக்கவில்லை.

பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே இணைப்பு இருக்கிறதா என்பதை முதலில் மல்டிமீட்டரின் பீப் ஒலி வைத்துச் சோதித்தேன். ஒலி தெளிவாக வந்தது. ஓம் அளவில் 0.3 காட்டியது; மீட்டரின் இரண்டு முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்தாலும் அதே 0.3 தான் வரும் என்பதால், எர்த் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) நன்றாக இருப்பதாக முடிவுசெய்து, பாசிட்டிவ் பக்கத்து ஒயர்களையும் செல்ஃப் மோட்டாரின் கார்பன்களையும் தேடி ஒரு வார இறுதியை வீணாக்கினேன். அந்த முடிவு தவறு. செல்ஃப் சுற்றும்போது நூறு ஆம்பியர் அளவில் மின்சாரம் பாய்கிறது; அந்தப் பாதையில் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட் அங்கே கரைந்துவிடும். சாதாரண மல்டிமீட்டரால் அவ்வளவு சிறிய தடையை அளக்க முடியாது. நூறு இழை கொண்ட கேபிளில் தொண்ணூற்றைந்து அறுந்து ஐந்து மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பீப் ஒலி எழுப்பும்.

நாற்பது ஆண்டுகளாக ஆட்டோ எலக்ட்ரீசியன் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் உருகிய கேபிளைக் காட்டினேன். அவர் அதை ஒரு முறை வளைத்துப் பார்த்துவிட்டு, “போன கரண்டு திரும்பி வரணும்லா தம்பி? அது எந்த வழியா வருதுன்னு பாத்தீகளா?” என்று மட்டும் கேட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே, எதை அளந்திருக்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

அளக்க வேண்டியது தடையை அன்று. சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது பாதையில் கரையும் வோல்டேஜை. செய்முறை எளிது. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, என்ஜின் பற்றிக்கொள்ளாமல் இருக்க இக்னிஷன் காயிலுக்குப் போகும் மெல்லிய பாசிட்டிவ் ஒயரைக் கழற்றி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட வேண்டும். மீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, ஒருவர் சாவியைத் திருகி ஐந்து விநாடிக்குமேல் போகாமல் செல்ஃபைச் சுற்றவிட, மற்றவர் நான்கு அளவுகளை எடுக்க வேண்டும்: பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு இடையே, செல்ஃப் மோட்டாரின் பெரிய டெர்மினலுக்கும் அதன் உடலுக்கும் இடையே, பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் டெர்மினலுக்கும் இடையே, பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே. மீட்டர் முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்தின்மேலேயே ஊன்ற வேண்டும், அதைப் பற்றியிருக்கும் கிளாம்பின்மேல் ஊன்றினால் கம்பத்துக்கும் கிளாம்புக்கும் இடையே உள்ள உப்பு கணக்கில் வராமல் போய்விடும்.

செல்ஃபைச் சுற்றாதபோது பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது. சுற்றும்போது பேட்டரி முனைகளில் 11.0, செல்ஃப் மோட்டாரில் 8.2, பாசிட்டிவ் பக்க இழப்பு 0.4, எர்த் பக்க இழப்பு 2.4. இந்தக் கணக்கு தானாகவே நேர்படும்: 11.0-இலிருந்து 0.4-ஐயும் 2.4-ஐயும் கழித்தால் மீதம் 8.2. பாசிட்டிவ் பக்கத்தில் அரை வோல்ட் வரை ஏற்கலாம். எர்த் பக்கத்தில் 0.2 அல்லது 0.3-ஐத் தாண்டக் கூடாது. பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் குற்றமற்றவை என்பதையும், அவற்றுக்காகச் செலவழித்த பணம் தேவையற்றது என்பதையும் இந்த நான்கு எண்கள் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டன.

காரின் அடியில் படுத்துப் பார்த்தபோது, கியர்பாக்ஸ் போல்ட்டிலிருந்து பாடிக்குப் போக வேண்டிய எர்த் பட்டை அங்கே இல்லை. அதன் ஒரு முனை மட்டும் சேஸிஸ் பக்கத்தில் இருந்தது. மறுமுனை பேட்டரித் தட்டுக்கு அடியில் செருகப்பட்டு, பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. கிளட்ச் வேலையின்போது கழற்றியதைத் திரும்பப் பொருத்த மறந்திருக்கிறார்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுன்ட்களின்மேல் அமர்ந்திருப்பதால், அந்தப் பட்டை இல்லாவிட்டால் என்ஜினுக்கும் பாடிக்கும் இடையே முறையான மின்பாதையே கிடையாது. ஆனாலும் செல்ஃப் சுற்றியது, மீட்டரும் பீப் என்றது. ஏனெனில் என்ஜினையும் பாடியையும் இணைக்கும் வேறு உலோகப் பொருள்கள் இருக்கின்றன: சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள். அந்த நூறு ஆம்பியர் ஒவ்வொரு காலையும் இந்த மெல்லிய எஃகுக் கம்பிகளைப் பகிர்ந்துகொண்டு பேட்டரிக்குத் திரும்பியிருக்கிறது. ஒரு கேபிளில் இருபத்தைந்து ஆம்பியர் ஓடி, அதன் குறுக்கே 2.4 வோல்ட் இருந்தால், அறுபது வாட் வெப்பம் அந்தக் கம்பிக்குள்ளேயே பிறக்கிறது. ஒரு சின்ன சால்டரிங் அயர்னுக்குப் போதுமான வெப்பம் அது. சோக் உருகியதும், உள்உறை இளகி இறுகியதால் கிளட்ச் மிதி கனத்ததும் எந்திரக் கோளாறுகள் போலத் தெரிந்தன. இரண்டின் வேரும் மின்சாரத்தில் இருந்தது. ஆக்ஸிலரேட்டர் கேபிளும் இதே வழியில் ஓடும்போதே சிக்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கவலையாக இருக்கிறது. பழைய காரில் கேபிள்கள் காரணமின்றி இறுகினால், புதிய கேபிள் வாங்குமுன் எர்த்தை அளந்து பார்க்கும்படி வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

புதிய பட்டைக்கு 25 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிளை வாங்கினேன். நுண்ணிய இழைகள் நிறைந்தது என்பதால் என்ஜின் அதிர்வில் இது எளிதில் முறியாது. இரு முனைகளிலும் தகரம் பூசிய செம்பு லக்குகளை (போல்ட்டில் மாட்டும் வளைய முனைகளை), சுத்தியலால் தட்டி நசுக்காமல், ஹைட்ராலிக் கிரிம்பர் உள்ள கடையில் கொடுத்து அழுத்தி வாங்கினேன். கேபிளும் கூலியும் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றி, சேஸிஸில் லக் அமரும் இடத்தையும் கியர்பாக்ஸ் போல்ட் இருக்கையையும் வெள்ளை உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கியபின்தான் மேலே வாசலின் பூசினேன். முதலிலேயே பூசிவிட்டு இறுக்குபவர்களும் உண்டு. உலோகம் உலோகத்தோடு நேராகப் பதிந்தபின் காற்றும் ஈரமும் புகாமல் அடைப்பதே வாசலினின் வேலை என்பதால், இறுக்கியபின் பூசுவதையே நான் விரும்புகிறேன்.

மறு அளவு: எர்த் பக்க இழப்பு 0.15, செல்ஃப் மோட்டாரில் 10.1. செல்ஃப் சுற்றும் ஒலியே மாறிவிட்டது.

பேட்டரிகள் ஏன் விரைவில் செத்தன என்பதும் இதே பாதையில் விளங்கியது. பட்டையைப் பொருத்துமுன் ஹெட்லைட், வைப்பர், புளோயர் மூன்றையும் போட்டு என்ஜினை ஓட்டி அளந்து வைத்திருந்தேன்: ஆல்டர்னேட்டரின் டெர்மினலுக்கும் அதன் உடலுக்கும் இடையே 14.0, பேட்டரியில் 13.2. ஆல்டர்னேட்டரும் என்ஜினில் பொருத்தப்பட்டிருப்பதால், பேட்டரிக்கு அனுப்பும் மின்சாரமும் அதே கேபிள்கள் வழியாகத்தான் தன் வீடு திரும்ப வேண்டியிருந்தது. ஆண்டு முழுவதும் 13.2 வோல்ட்டில் அரைகுறையாகச் சார்ஜ் ஆகும் ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் இறுகிப் படிந்துவிடும். பட்டைக்குப் பின் அதே சுமையில் பேட்டரியில் 13.8 கிடைத்தது. ஆல்டர்னேட்டரின் டையோடுகளையும் சந்தேகித்து மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றிப் பார்த்தேன், 0.04 வோல்ட்தான் வந்தது. இது அரை வோல்ட்டை நெருங்கினால் டையோடு ஒன்று போய்விட்டது என்று பொருள்.

பேட்டரி தொடர்பாக இன்னொன்றையும் தீர்த்தேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் கிளாம்புக்கும் கம்பத்துக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக வைத்தபோது 0.18 ஆம்பியர் ஓடியது. இப்படி வைத்திருக்கும்போது சாவியைத் திருகினால் மீட்டர் எரிந்துபோகும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியை அந்தக் கசிவு எட்டு நாளில் காலிசெய்துவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவியதில் கசிவு ஸ்டீரியோவின் ஃபியூஸில் அகப்பட்டது. பின்னாளில் வைத்த ஒலிபெருக்கியின் கட்டுப்பாட்டு ஒயரை, சாவிக்குக் கட்டுப்படாத இணைப்பில் போட்டிருந்தார்கள். அதைச் சாவியோடு இயங்கும் இணைப்புக்கு மாற்றியபின் 0.02-க்குக் குறைந்தது.

ஹெட்லைட்டுக்கும் அதே அளவு முறைதான். கண்ணாடிக்குப் பின்னால் பல்பின் பின்களிலேயே நேராக அளந்தபோது 10.8 வோல்ட், அந்நேரம் பேட்டரியில் 13.5. ஹாலஜன் பல்பின் ஒளி வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாக வீழும். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளியில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்த என் காரில் பாதி ஒளிகூட மிஞ்சவில்லை. கூடுதல் வாட் பல்பைப் போடச் சொல்லிக் கடையில் யோசனை கூறினார்கள். அது பழைய சுவிட்சின்மேல் இன்னும் கூடுதல் ஆம்பியரை ஏற்றி, ஸ்டீயரிங் அருகே உள்ள பிளாஸ்டிக்கை உருக்கும் வழி என்பதால் மறுத்துவிட்டேன். சட்டத்துக்கு உட்பட்ட 60/55 வாட் பல்புகளையே வைத்து, பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகத் தனி ஒயர் இழுத்து, லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் ஒவ்வொரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) பொருத்தினேன். ஒரு எச்சரிக்கை: ஜப்பானிய வடிவமைப்பு கொண்ட கார்கள் சிலவற்றில் ஹெட்லைட் சுவிட்ச் நெகட்டிவ் பக்கத்தை இணைத்துத் துண்டிக்கும், கடையில் கிடைக்கும் ஆயத்த ரிலே செட்டுகள் பெரும்பாலும் பாசிட்டிவ் பக்கத்துக்கானவை. ஆகவே வாங்குமுன் பல்பு சாக்கெட்டின் மூன்று துளைகளில் எது எப்போது உயிரோடு இருக்கிறது என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. இப்போது பல்பில் 13.1 வோல்ட் கிடைக்கிறது.

என்ஜின் சூடேறியபின் அணைந்துபோவது, எர்த்தைச் சரிசெய்த பிறகும் நீடித்தது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவியும் தீராத குறை இது. முதலில் வேக்கம் ஹோஸ்களை (என்ஜினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் ரப்பர் குழாய்களை) ஒவ்வொன்றாக இடுக்கியால் மெல்ல நசுக்கிப் பார்த்தேன். ஒரு ஹோஸை நசுக்கும்போது ஐடில் (கால் எடுத்த நிலையில் என்ஜின் ஓடுவது) சீரானால் அந்தப் பாதையில் காற்று கசிகிறது என்று அறியலாம். ஒன்றில் முனை வெடித்திருந்தது; வெட்டிச் சீராக்கிச் செருகினேன். அணைவது குறைந்தது, நிற்கவில்லை. அடுத்து கார்புரேட்டரில் உள்ள ஃபியூயல் கட் சாலினாய்டைப் பார்த்தேன். சாவி போட்டிருக்கும்வரை மின்சாரம் அதன் ஊசியை உள்ளிழுத்து ஐடில் ஜெட்டைத் திறந்து வைக்கிறது; சாவியை அணைத்தால் ஊசி முன்வந்து அடைத்து, சூடான என்ஜின் தானாகத் தொடர்ந்து ஓடாமல் தடுக்கிறது. சாவியைப் போட்டு, சாலினாய்டின் ஒயரைக் கழற்றி மறுபடி தொட்டால் ‘டக்’ என்ற ஒலி வர வேண்டும். குளிர்ந்த என்ஜினில் வந்தது. அரை மணி நேரம் ஓட்டியபின் சோதித்தபோது வரவில்லை. ஒயர் முனையில் 7.8 வோல்ட்தான் இருந்தது. என்ஜின் அறையின் சூட்டில் இணைப்புக் குப்பி விரிந்து, உள்ளே களிம்பேறிய ஒயரின் பிடி தளர்ந்திருக்கிறது. அந்தக் குப்பியை வெட்டிவிட்டு, ஒயரைச் செம்பு நிறம் தெரியும் இடம்வரை குறைத்துப் புதிய இணைப்பு போட்டபின், சிக்னலில் இன்றுவரை அணையவில்லை. ஓட்டத்தில் நன்றாக ஓடி, கால் எடுத்தவுடன் மட்டும் அணையும் பழைய கார்புரேட்டர் வண்டிகளில், கழுவித் துடைப்பதற்கு முன் இந்த ஒலியைக் கேட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

அடுத்து, தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயின்ட்டையும் கவனித்தேன். ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடும் விழுந்திருந்தன. கன்டென்சர் (பாயின்ட்டில் பொறி பறப்பதைக் குறைக்கும் பாகம்) தன் வேலையைச் சரியாகச் செய்யாததன் அடையாளம் அது. பாயின்ட்டை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவில் அதே கதிக்கு ஆளாகும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றி, இடைவெளியை 0.45 மில்லிமீட்டரில் வைத்து, பிறகு டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) சரிபார்த்தேன். இந்த வரிசை மாறக் கூடாது. பாயின்ட் இடைவெளி கூடினால் பற்றவைப்பு முந்தும், குறைந்தால் பிந்தும். டைமிங் வைத்த பிறகு பாயின்ட்டைத் தொட்டால் வைத்த டைமிங் நிலைக்காது.

நெரிசலில் சூடேறுவதற்குக் காரணம் ரேடியேட்டர் விசிறி சுற்றாததே. தெர்மோ சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று இணைத்தபோது விசிறி உடனே சுற்றியது. ஆகவே மோட்டாரும் ஃபியூஸும் நலம், சுவிட்ச்தான் செயலிழந்திருக்கிறது. சுவிட்சைக் கழற்றியபோது அதன் முனையில் சுண்ணாம்புப் படிவு ஓடுபோல் மூடியிருந்தது. பல ஆண்டுகள் குழாய்த் தண்ணீரையே ஊற்றிவந்ததன் விளைவு. உள்ளே பார்த்தால் தெர்மோஸ்டாட் வால்வையும் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். ‘நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம்’ என்று எடுத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறான பழக்கம் என்று அழுத்தமாகச் சொல்வேன். வால்வு இல்லாவிட்டால் என்ஜின் தன் வேலைச் சூட்டை அடைய நெடுநேரம் ஆகும், அதுவரை சோக்கை இழுத்து வைத்திருக்க வேண்டிவரும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், ஆயிலிலும் கலக்கும். புதிய வால்வின்மேல் 82 என்று பொறித்திருந்தது. பொருத்துமுன் அடுப்பில் பாத்திரத்து நீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, சமையல் வெப்பமானியோடு பார்த்ததில், 82 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கியது. கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரோடு கலந்து நிரப்பி, புளோயரின் சூட்டு வால்வைத் திறந்து வைத்துக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினேன்.

பிரேக்கில் பின் இடது வீல் சிலிண்டர் கசிந்தது. ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டையும் மாற்றினேன். முன் பக்கம் பள்ளத்தில் கேட்ட தட்டல் ஒலி, கன்ட்ரோல் ஆர்ம் புஷ் தேய்ந்ததால் வந்தது. பிரெஸ் உள்ள பட்டறையில் கொடுத்து மாற்றினேன்.

கடைசியாகப் பெட்ரோல் முள். டேங்கை நிரப்பினாலும் அது பாதிக்குச் சற்று மேல்தான் ஏறும். டேங்கில் உள்ள மிதவை அளவியின் தடை, நிறைந்திருக்கும்போது குறைவாகவும் காலியாகும்போது கூடுதலாகவும் இருக்கும். ஆகவே அந்தப் பாதையில் புதிதாக எங்கேனும் தடை சேர்ந்தால் முள் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். அளவியிலிருந்து வரும் எர்த் ஒயர் பாடியில் அமரும் திருகைக் கண்டுபிடித்தேன். அதன் தலையே தெரியாதபடி துரு மூடியிருந்தது. திருகைக் கழற்றி, லக்கைத் தேய்த்து, சுத்தமான உலோகத்தில் மறுபடி இறுக்கிச் சாவியைப் போட்டபோது, முள் மெல்ல நகர்ந்து நிறைவுக் கோட்டில் போய் நின்றது.